ஆஸ்துமா பம்பின் கதை: ஒரு வங்கிக்காரர் பார்த்த கணக்கு

போன மாதம் ஒரு சாயங்காலம் நம் குடியிருப்பில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நான் நடைப்பயிற்சி முடித்து லிஃப்டுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாவும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகனும். பையனுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சில் விசில் சத்தம் எனக்கே கேட்டது. அவன் பையிலிருந்து பம்பை எடுத்து இரண்டு முறை அழுத்திக்கொண்டான். ஐந்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. "அடிக்கடி போடாதேடா, பழகிடும்" என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "இந்த வருஷத்துல இது நாலாவது பம்ப், அங்கிள்" என்றார். இன்னொரு பம்பும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாராம். தினமும் போடவேண்டிய அதை, 'நல்லாத்தானே இருக்கான்' என்று நிறுத்திவிட்டார்களாம். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. 1993-ல், தன் 41-வது வயதில், ஒரு விடியற்காலையில் மூச்சு கிடைக்காமல் போய்விட்டாள். கையில் இருந்த பம்ப் காலி. காரியமெல்லாம் முடிந்து அலமாரியைச் சுத்தம் செய்தபோது துணிகளுக்கு நடுவே இன்னும் நிறைய காலி டப்பாக்கள் கிடைத்தன. எத்தனை நாளைக்கு ஒன்று வாங்குகிறாள் என்று வீட்டில் யாருமே எண்ணிப் பார்த்ததில்லை. தினமும் எட்டு மணி நேரம் ஊரார் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த நானும் எண்ணவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, அது ஏன் அப்படி நடந்தது என்று தேடிப் படித்தேன். நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, இந்தக் கதையில் பாதி கணக்குப் பார்த்தவர்களின் கதை என்று தெரிந்தது. அதனால் எனக்குப் புரிந்தது. போன இதழில் மணியார்டரின் வரலாற்றை எழுதினேன். இந்த இதழில் ஆஸ்துமா பம்பின் வரலாறு.

ஒரு சிறுமியின் கேள்வி

ஆஸ்துமாவில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, காற்று போகும் வழி குறுகுகிறது. இன்னொன்று, குழாயின் உள்பக்கச் சவ்வு வீங்கிச் சளி சுரக்கிறது. இதை டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள். முதலாவது நிமிடத்தில் வரும், நிமிடத்தில் போகும். இரண்டாவது வெளியே தெரியாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

இறுகிய தசையைத் தளர்த்த 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அட்ரினலின் ஊசி வந்துவிட்டது. பிறகு மருந்து நீரை ஆவிபோல் தெளிக்கும் கண்ணாடிக் கருவி வந்தது. ரப்பர் பந்தைக் கையால் அமுக்கி உள்ளிழுக்க வேண்டும். கண்ணாடி உடையும், அளவும் சரியாக இருக்காது.

1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்தப் பெண் ஒருநாள், "தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் அதைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே அளவு மட்டும் வெளியே விடும் வால்வு வாசனைத் திரவியத்துக்காக ஏற்கெனவே உருவாகியிருந்தது. அதை மருந்துக்குப் பொருத்தினார்கள். 1956 மார்ச்சில் 'மெடிஹேலர்' விற்பனைக்கு வந்தது. இன்று நம் பைகளில் இருக்கும் பம்புகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை.

அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஆஸ்துமாக்காரர்களுக்குத்தான் தெரியும். ஊசிக்காக நடுராத்திரியில் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. சட்டைப் பையிலேயே நிவாரணம் இருந்தது.

பிரிட்டனில் ஏறிய எண்ணிக்கை

1960-களில் பிரிட்டனில் விசித்திரமான ஒன்று நடந்தது. நல்ல மருந்து கையில் இருக்கிறது, ஆனால் ஆஸ்துமா சாவுகள் கூடுகின்றன. அதுவும் இளவயதினரிடம். ஸ்பைசர், டால், ஹீஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இறப்புப் பதிவேடுகளை எடுத்து வைத்து 1968-ல் கணக்கை வெளியிட்டார்கள். (இந்த டால், புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிரூபித்த அதே ரிச்சர்ட் டால்.) 1959-க்கும் 1966-க்கும் இடையில் 5 முதல் 34 வயதுவரை உள்ளவர்களில் ஆஸ்துமா இறப்பு 3 மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. 10 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் ஏறக்குறைய 8 மடங்கு. 1966-ல் அந்த வயதில் இறந்த குழந்தைகளில் 100-க்கு 7 பேர் ஆஸ்துமாவால் இறந்திருந்தார்கள்.

இறப்பின் வரைபடத்தையும் பம்ப் விற்பனையின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கைகோத்து ஏறின. அப்போது பம்பில் இருந்தது ஐசோப்ரினலின் என்ற மருந்து. அது தசையைத் தளர்த்தும், கூடவே இதயத்தையும் விரட்டும். மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். 1967-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 1968-ல் சீட்டு இல்லாமல் விற்பதை நிறுத்தினார்கள். விற்பனை இறங்கியது, சாவும் இறங்கியது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அமெரிக்காவிலும் இதே மருந்து விற்றதே, அங்கே ஏன் சாவு ஏறவில்லை? 1972-ல் பால் ஸ்டோலி என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்குப் பதில் தேடினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய நாடுகளில் 'ஃபோர்ட்டே' என்ற வீரியம் கூடிய வகை விற்றது. ஒரு அழுத்தலில் சாதாரணப் பம்பைப்போல் 5 மடங்கு மருந்து. சாவு ஏறியது அந்த நாடுகளில்தான். அமெரிக்காவில் அந்த வகை விற்பனைக்கே வரவில்லை.

இதற்கிடையில் 1969-ல் பிரிட்டனில் சால்பியூட்டமால் வந்தது. இதயத்தை அவ்வளவு விரட்டாமல் மூச்சுக்குழாயில் அதிகமாக வேலை செய்யும் மருந்து. இன்றும் நம் வீடுகளில் இருக்கும் நிவாரணப் பம்புகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பழைய ஆபத்து தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வெளியே தெரியாத வீக்கம்

அதே காலத்தில் வேறு சிலர் அந்த இரண்டாவது காரியத்தை, அதாவது அழற்சியை, துருவிக்கொண்டிருந்தார்கள்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்பவர்களும் அவர்களுடைய குழுவினரும், வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்புவது எது என்று தேடி, 1960-களில் ஒரு நுண்ணிய உண்ணியைக் கைகாட்டினார்கள். மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலின் உதிர்வைத் தின்று வாழும் உயிர் அது, கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் வேலை செய்த இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், சுவீடனில் யோஹன்சன், பென்னிக் இருவரும், ஒவ்வாமையை நடத்தி வைக்கும் எதிர்ப்புப் பொருளைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஐஜிஇ' என்று வருகிறதே, அதுதான். உடம்பின் காவல்காரன் தூசியையும் மகரந்தத்தையும் திருடன் என்று நினைத்து விசில் ஊதிக்கொண்டே இருப்பதுதான் ஒவ்வாமை. அந்தச் சண்டை மூச்சுக்குழாயில் நடந்தால் சவ்வு எப்போதும் புண்பட்டே இருக்கிறது.

இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஹாரி மாரோ பிரவுன் என்று ஒரு நெஞ்சக மருத்துவர். நோயாளிகளின் சளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வழக்கம். சிலருடைய சளியில் இயோசினோஃபில் என்ற ஒவ்வாமை அணுக்கள் நிறைய இருந்தன. அவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு மாத்திரை நன்றாக வேலை செய்தது. இதை 1958-ல் எழுதினார். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அந்தப் பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஸ்டீராய்டா, வேண்டாம்ப்பா' என்கிறோம்.

1972-ல் அதே மாரோ பிரவுன், ஸ்டீராய்டையே பம்பில் அடைத்து நேராக மூச்சுக்குழாய்க்கு அனுப்பிப் பார்த்த முடிவை வெளியிட்டார். மருந்தின் பெயர் பெக்லோமெத்தசோன். அளவு கிராமில் இல்லை, மைக்ரோகிராமில். மாத்திரையை நம்பியிருந்த பலரால் அதைக் குறைக்கவோ விடவோ முடிந்தது.

இப்போது இரண்டு பம்புகள் கிடைத்துவிட்டன. ஒன்று நிவாரணப் பம்ப், இறுகிய தசையைத் தளர்த்துவது. இன்னொன்று தடுப்புப் பம்ப், வீக்கத்தை ஆற்றுவது. இரண்டாவதைப் போட்டவுடன் ஒன்றும் தெரியாது. முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஜனங்கள் முதலாவதைத்தான் நேசித்தார்கள். உடனே பலன் தருவதை யார் விடுவார்கள்? மாதச் சேமிப்பைவிட ஓவர்டிராஃப்ட் இனிக்கும் என்பது எங்கள் கவுண்டரில் தினமும் பார்த்த காட்சி.

நியூசிலாந்தின் சஸ்பென்ஸ் கணக்கு

1976-ல் நியூசிலாந்தில் ஃபெனோட்டெரால் என்ற புதிய நிவாரணப் பம்ப் வந்தது. ஒரு அழுத்தலுக்கு 200 மைக்ரோகிராம். சால்பியூட்டமால் பம்பில் 100. அந்த ஆண்டை ஒட்டி அங்கே ஆஸ்துமா சாவு ஏறத் தொடங்கியது. 5 முதல் 34 வயதுவரை உள்ளவர்களில் அதற்கு முன்பு லட்சத்துக்கு ஒருவர் சொச்சம் என்று இருந்த விகிதம், 1979-ல் 4-ஐத் தாண்டியது. உலகத்தில் வேறெங்கும் அந்த அளவு இல்லை. மாவோரி மக்களிடம் இன்னும் அதிகம். மொத்தம் 30 லட்சம் சொச்சம் மக்கள் உள்ள சின்ன நாடு. ஒவ்வொரு சாவும் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர் வீட்டில்.

ஆக்லாந்தில் ராட் ஜாக்சனும் சக ஆய்வாளர்களும் 1982-ல் இதைப் 'புதிய கொள்ளைநோய்' என்றே எழுதினார்கள். காரணம் என்ன? சாவைத் தவறாகப் பதிகிறார்களா? இல்லை. ஆஸ்துமாவே கூடிவிட்டதா? மூன்று மடங்கு சாவை விளக்கும் அளவுக்கு இல்லை. தியோஃபிலின் மாத்திரையோடு பம்பும் சேர்வதுதான் ஆபத்தா? அந்தச் சந்தேகமும் இருந்தது. வங்கியில் விவரம் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அதுபோலப் பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சாவுகளுக்குக் காரணம் எழுதப்படாமலே இருந்தது.

வெலிங்டனில் சில இளம் ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஜூலியன் கிரேன், ரிச்சர்ட் பீஸ்லி, கார்ல் பர்ஜெஸ், புள்ளிவிவரம் பார்க்க நீல் பியர்ஸ். அவர்கள் பயன்படுத்திய முறையை எங்கள் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒரு கிளையில் போலி டிராஃப்டுகள் வருகின்றன என்று வையுங்கள். மாட்டிய ஒவ்வொன்றுக்கும், அதே காலத்தில் அதே கவுண்டருக்கு வந்த நான்கு நல்ல டிராஃப்டுகளை எடுத்து வைத்து ஒப்பிடுவோம். எந்த அம்சம் போலியில் அதிகம், நல்லதில் குறைவு? அங்கேதான் துப்பு.

அவர்களும் அப்படியே செய்தார்கள். 1981 முதல் 1983 வரை ஆஸ்துமாவால் இறந்த, 45 வயதுக்கு மேற்படாத 117 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஈடாக, அதே வயதும் அதே இனமும் உள்ள, ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்து பிழைத்த நான்கு பேர். மொத்தம் 468. யாருக்கு எந்த மருந்து எழுதப்பட்டிருந்தது என்று பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஃபெனோட்டெரால் எழுதப்பட்டிருந்தவர்களுக்கு இறப்பு ஆபத்து ஒன்றரை மடங்கு என்று வந்தது.

ஆட்சேபணையும் பதிலும்

முடிவு வெளியாகும் முன்பே மருந்து நிறுவனமும் அது அழைத்து வந்த நிபுணர்களும் கடுமையாக ஆட்சேபித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 'நோய் முற்றியவர்களுக்குத்தான் டாக்டர்கள் வீரியமான மருந்தை எழுதுவார்கள். முற்றியவர்கள்தான் அதிகம் இறப்பார்கள். பழி மருந்தின் மேலா?' ஐ.சி.யூ.வில் சாவு அதிகம், அதனால் ஐ.சி.யூ.தான் கொல்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

வெலிங்டன்காரர்களின் பதில்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். சரி, நோய் முற்றியவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்போம் என்றார்கள். ஆட்சேபணை உண்மையானால், எல்லோரும் முற்றியவர்களாக உள்ள குழுவில் இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் மறைய வேண்டும். மறையவில்லை, கூடியது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நிலையில் இருந்தவர்களுக்குள் பார்த்தால் ஆபத்து 6 மடங்குக்கு மேல். அந்த மாத்திரையோடு, முந்தைய ஒரு வருடத்தில் மருத்துவமனையிலும் சேர்ந்திருந்தவர்களுக்குள் 13 மடங்கு.

1989 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. 'இறந்தவர்களின் விவரம் ஒரு மூலத்திலிருந்தும் பிழைத்தவர்களின் விவரம் வேறு மூலத்திலிருந்தும் வந்திருக்கிறது, டேலி ஆகாது' என்று இன்னொரு ஆட்சேபணை. இரு தரப்புக்கும் ஒரே வகையான மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து, வேறு ஆண்டுகளுக்கு, இரண்டாவது ஆய்வும் மூன்றாவது ஆய்வும் செய்தார்கள். இரண்டிலும் ஆபத்து ஏறக்குறைய 2 மடங்கு என்றே வந்தது.

எச்சரிக்கை வந்த 1989-லிருந்தே அந்த மருந்தின் விற்பனை சரிந்தது. 1990-ன் கடைசியில் அதன் பயன்பாட்டுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. 5 முதல் 34 வயதுவரை உள்ளவர்களின் ஆஸ்துமா இறப்பு விகிதம் பாதியாக இறங்கியது, அதன்பின் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. தடுப்புப் பம்ப் கூடுதலாகப் புழக்கத்துக்கு வந்ததும் சாவு குறைய ஒரு காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. அது அடுத்த பாடத்துக்கு இடையூறு இல்லை, துணைதான்.

இனிக்கும் கடனும் கசக்கும் சேமிப்பும்

1990-ல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் மால்கம் சியர்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். 64 பேர். ஒவ்வொருவருக்கும் சில மாதம் ஃபெனோட்டெரால் தினம் 4 வேளை, சில மாதம் அதே போன்ற வெற்றுப் பம்ப். எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு காலத்திலும் மூச்சு வாங்கினால் மட்டும் போட்டுக்கொள்ள நிவாரணப் பம்பும் உண்டு. தினமும் போடுவதுதான் நல்லது என்று அப்போது பலர் நம்பியிருந்தார்கள். வித்தியாசம் தெரிந்த 57 பேரில் 40 பேருக்குத் தேவைப்படும்போது மட்டும் போட்ட காலத்தில்தான் ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தது. நிவாரணத்தைத் தினசரிச் சாப்பாடாக்கினால் நோய் அடங்கவில்லை, மோசமானது.

கனடாவில் சஸ்காட்செவன் என்ற மாகாணம். அங்கே அரசு மருந்துத் திட்டத்தில் எல்லா மருந்துச் சீட்டும் கணினியில் பதிவாகும். நமக்குப் பழக்கமான லெட்ஜர்தான். அதிலிருந்து ஆஸ்துமா நோயாளிகள் 30,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2000-ல் வெளியானது. முந்தைய ஒரு வருடத்தில் வாங்கிய ஒவ்வொரு கூடுதல் தடுப்புப் பம்புக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தும் பெரிய அளவில்லை, குறைந்த அளவுதான். தொடர்ந்து போட்டதுதான் விஷயம்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தடுப்புப் பம்ப் 1972-லேயே உலகத்தில் இருந்தது. அக்கா போனது 1993-ல். அவள் அலமாரியில் இருந்தவை அத்தனையும் நிவாரணப் பம்புகள். அவளுக்கு நிவாரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதனால் கட்டடம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

நியூசிலாந்துக்காரர்கள் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். வைராராபா என்ற பகுதியின் மாவோரி மக்களோடு சேர்ந்து, கிரெடிட் கார்டு அளவில் ஒரு அட்டை தயாரித்தார்கள். ஊதிப் பார்க்கும் பீக் ஃபுளோ கருவியில் எவ்வளவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம், மூச்சு எப்படி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மறுபக்கம். எப்போது தடுப்பைக் கூட்டுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, எல்லாம் அதில் உண்டு. மாவோரி சமூகக் கூடங்களிலேயே மருத்துவ முகாம் நடத்தி அதைக் கொடுத்தார்கள். 1994-ல் வந்த அறிக்கைப்படி மக்களின் ஆஸ்துமா தெளிவாகக் கட்டுக்குள் வந்தது. நான் பார்த்த கார்டுகளிலேயே வட்டி வாங்காத கார்டு அது ஒன்றுதான்.

50 வருடம் கழித்து ஒரு திருத்தம்

கதை இங்கே முடியவில்லை. லேசான ஆஸ்துமாவுக்கு நிவாரணப் பம்ப் மட்டும் போதும் என்ற பழக்கம் அதன்பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. எப்போதாவதுதான் வருகிறது, தினம் எதற்குத் தடுப்பு என்று நோயாளிகள் நிறுத்திவிடுவார்கள். சொல்லித் திருத்த முடியவில்லை. அப்படியானால் மருந்தையே மாற்றி அமைக்கலாமே? விரைவாகத் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலையும் வீக்கத்தை ஆற்றும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டையும் ஒரே பம்பில் வைத்து, தேவைப்படும்போது போட்டுக்கொள்ளச் சொன்னால்? ஒவ்வொரு முறை நிவாரணம் தேடும்போதும் தடுப்பும் தானாக உள்ளே போகும். கடன் எடுக்கும்போதெல்லாம் சேமிப்பிலும் ஒரு ரூபாய் விழுகிற மாதிரி.

ஏறக்குறைய 670 பேரிடம் ஒரு வருடம் இதைச் சோதித்த ஆய்வு 2019-ல் வந்தது. நிவாரணப் பம்ப் மட்டும் வைத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், இந்தக் கூட்டுப் பம்ப் வைத்திருந்தவர்களுக்கு ஆஸ்துமா முற்றிய சந்தர்ப்பங்கள் ஏறக்குறைய பாதி. ஆய்வை நடத்தியவர் யார் தெரியுமா? வெலிங்டனில் 30 வருடம் முன்பு அந்த 117 சாவுகளைக் கணக்கெடுத்த அதே ரிச்சர்ட் பீஸ்லி. இளைஞராகத் தொடங்கிய கணக்கை நரைத்த தலையோடு முடித்து வைத்திருக்கிறார்.

அதே 2019-ல், உலக அளவில் ஆஸ்துமாவுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் 'ஜினா' அமைப்பு தன் அறிவுரையை மாற்றியது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும், லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும், நிவாரணப் பம்பை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது, ஸ்டீராய்டு கலந்த சிகிச்சை ஏதாவது ஒரு வகையில் இருக்க வேண்டும் என்றது. சால்பியூட்டமால் பம்ப் வந்து சரியாக 50 வருடம் கழித்து.

நம் வீட்டுக் கணக்கு

இதைப் படித்துவிட்டு யாரும் நிவாரணப் பம்பைத் தூக்கி எறிய வேண்டாம். மூச்சு முட்டும்போது உயிரைக் காப்பது அது. யாரும் தாமாக மருந்தை மாற்றவும் வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. நான் கேட்டுக்கொள்வது எண்ணுவதை மட்டும்தான்.

நிவாரணப் பம்ப் ஒன்றில் பெரும்பாலும் 200 அழுத்தல் இருக்கும். வருடத்துக்கு மூன்று பம்ப் அல்லது அதற்கு மேல் தீர்கிறது என்றால் ஆஸ்துமா முற்றும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. மாதம் ஒன்று வீதம் 12 தீர்ந்தால் உயிராபத்தே கூடுகிறது. அதனால் புதுப் பம்ப் வாங்கிய அன்று டப்பாவின் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். கேலண்டரிலும் ஒரு டிக். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று சொல்வதற்குப் பதிலாக, "வருஷத்தில் இத்தனை பம்ப் தீர்ந்தது" என்று சொல்லுங்கள். மீதியை அவர் புரிந்துகொள்வார்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொசுப்புகை அடிப்பது, பெயின்ட் வேலை, பரணையும் ஸ்டோர் ரூமையும் காலி செய்வது, இதற்கெல்லாம் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் நேரத்தோடு அறிவித்துவிட்டால், ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியவர்கள் சாத்திக்கொள்வார்கள்.

லிஃப்ட் வாசலில் பார்த்த அந்தப் பையனின் அம்மாவிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மறுவாரமே டாக்டரிடம் போய்வந்தார்கள். தடுப்பு மருந்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்களாம். நேற்று அவனைக் கிரிக்கெட் மட்டையோடு கீழே பார்த்தேன். "தாத்தா, பம்பில் தேதி எழுதிட்டேன்" என்று காட்டினான். அவன் அம்மாவுக்கு நான் அங்கிள், அவனுக்குத் தாத்தா. இரண்டுமே எனக்குச் சம்மதம்தான்.